காரில் போனால் வயிற்றைப் புரட்டுவது ஏன், என்ன செய்யலாம்?

ஒரு காரில் ஐந்து பேர் போகிறார்கள் என்றால், வாந்தி வருமோ என்ற கவலையே இல்லாத ஒருவர் அதில் நிச்சயம் இருப்பார். ஓட்டுகிறவர். மற்றவர்களுக்கு இருக்கும் அதே வளைவுதான், அதே குலுக்கல்தான், அதே வாடைதான் அவருக்கும். பின்சீட்டில் இருப்பவர் முகம் வெளிறிப்போய்ப் பையைத் தேடிக்கொண்டிருப்பார். இவர் பாட்டுக்குத் தாளம் போட்டபடி போய்க்கொண்டிருப்பார். வேடிக்கை என்னவென்றால், பின்சீட்டில் அவதிப்படுகிற அதே ஆளிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தால் பெரும்பாலும் அவருக்கும் ஒன்றும் செய்வதில்லை.

வாந்தி என்றதும் நாம் வயிற்றைத்தான் சந்தேகப்படுகிறோம். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு பலவீனமாக இருக்கிறது என்று காரணம் தேடுகிறோம். வயிற்றில்தான் கோளாறு என்றால் சீட் மாறி உட்கார்ந்ததும் அது சரியாவானேன்? பயணக் குமட்டலில் வயிறு கடைசியில்தான் வந்து சேர்கிறது. கதை தொடங்குவது காதுக்குள்ளே, வளர்வது மூளையில். ஓட்டுகிறவருக்கு ஏன் வருவதில்லை என்பது புரிந்துவிட்டால், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதில் முக்கால்வாசி தானாகவே விளங்கிவிடும்.

காதுக்குள் இருக்கும் கருவி

காது கேட்பதற்கு மட்டும் இல்லை. உட்காதில், கேட்கும் பகுதியை ஒட்டியே, உடம்பின் அசைவை அளக்கும் ஒரு சிறிய கருவி இருக்கிறது. அதில் ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு திசைகளைப் பார்த்து அமைந்திருக்கும், உள்ளே திரவம் நிரம்பியிருக்கும். தண்ணீர் உள்ள வாளியைச் சட்டென்று திருப்பினால் வாளி திரும்பிவிடும், தண்ணீர் ஒரு நொடி பின்தங்கி நிற்கும், இல்லையா? தலையைத் திருப்பும்போது இந்தக் குழாய்களிலும் அதுதான் நடக்கிறது. பின்தங்கும் திரவம் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர் செல்களை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்ற செய்தி மூளைக்குப் போகிறது.

அந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் கால்சியம் கார்பனேட்டால் ஆன துகள்கள் ஒரு கூழ்ப்படலத்தின் மேல் பதிந்திருக்கும். கார் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் துகள்கள் எடை காரணமாகச் சற்று நகரும். முன்னே போகிறோமா, பின்னே தள்ளப்படுகிறோமா, மேலே எழும்புகிறோமா, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் மூளைக்குத் தெரிவது இப்படித்தான்.

இந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. வேகத்தை அது உணராது. வேகம் மாறுவதை மட்டும்தான் உணரும். நேரான சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகும் காரில், உட்காதைப் பொறுத்தவரை நீங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகத் தொந்தரவில்லாமல் வந்தவர், ஊருக்குள் நுழைந்து நெரிசலில் நின்று நின்று போகத் தொடங்கியதும் தலையைப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். மலைப்பாதையிலும் கதை அதுவே. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் ஒரு பிரேக், வளைவில் ஒரு பக்கத் தள்ளல், வளைவு முடிந்ததும் ஒரு ஆக்ஸிலரேட்டர். எல்லாமே மாற்றங்கள்.

சரி, மாற்றத்தை உணர்ந்தால் உணர்ந்துவிட்டுப் போகட்டும், குமட்டுவானேன்?

எதிர்பார்த்ததும் நடந்ததும்

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இது: கண் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது, மூளை குழம்புகிறது. பின்சீட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிறீர்கள். எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன. ஆகவே கண் 'நாம் அசையவில்லை' என்கிறது. காதோ 'இப்போதுதான் வலப்பக்கம் திரும்பினோம்' என்கிறது. இந்த விளக்கம் தவறில்லை, ஆனால் பாதிதான். கண்ணும் காதும் முரண்படுவது மட்டும்தான் காரணம் என்றால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வரும் ஒருவருக்குக் குமட்டவே கூடாது. குமட்டத்தான் செய்கிறது, கொஞ்சம் குறைவாக. பார்வையில்லாதவர்களுக்கும் பயணக் குமட்டல் வருகிறது.

1970களில் ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் இதை இன்னும் துல்லியமாகச் சொன்னார். மூளை புலன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதோடு நிற்பதில்லை. அடுத்த நொடியில் என்ன வரப்போகிறது என்று தன் பழைய அனுபவத்தை வைத்து ஒரு கணிப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறது; அந்தக் கணிப்போடு வந்து சேரும் செய்திகளை ஒப்பிடுகிறது. கணிப்புக்கும் செய்திக்கும் இடையில் உள்ள இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால்தான் குமட்டல் எழுகிறது.

இப்போது ஓட்டுகிறவரைப் பாருங்கள். வளைவு அவர் கண்ணில் முன்கூட்டியே படுகிறது. திருப்பப்போவது அவர் கை. பிரேக்கை மிதிக்கப்போவது அவர் கால். கார் அசைவதற்கு ஒரு கணம் முன்பே அந்த அசைவு அவர் மூளையில் பதிவாகிவிடுகிறது. தலையும் தானாகவே வளைவின் உட்பக்கம் சாய்ந்துகொள்கிறது. பின்சீட்டில் இருப்பவருக்கோ எல்லாமே திடீர். தலை வளைவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளப்பட்ட பிறகுதான் வளைவு வந்ததே அவருக்குத் தெரிகிறது.

என் பார்வையில், பயணக் குமட்டலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான். மாத்திரை தவிர மற்ற உபாயங்களையெல்லாம் எடைபோடுவதற்கும் இது ஒரு அளவுகோல். அடுத்து வரும் அசைவை முன்கூட்டியே அறிய உதவுகிறதா? அல்லது அசைவையே குறைக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

காதுதான் மூலம் என்பதற்குச் சுவையான ஆதாரம் ஒன்று இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா ஆய்வுக்கூடத்தில் விண்வெளிப் பயணத்துக்கான ஆராய்ச்சிகள் நடந்தன. அதற்காக, காது கேளாதவர்களுக்கான கல்லாடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் 10 பேருக்குச் சிறுவயதில் மூளைக்காய்ச்சல் வந்ததில் கேட்கும் திறனோடு உட்காதின் சமநிலைக் கருவியும் கெட்டுப்போயிருந்தது. என்ன சுழற்று சுழற்றினாலும் இவர்களுக்குக் குமட்டவில்லை. நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் படகில் ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் பாட்டுக்குச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள்தான் தாங்க முடியாமல் சோதனையையே நிறுத்தவேண்டி வந்தது!

இதைத் திருப்பிச் சொன்னால், உட்காது நன்றாக வேலை செய்கிற யாருக்கும், அசைவு போதிய அளவு கடுமையாக இருந்தால், குமட்டல் வரத்தான் செய்யும். வரம்புதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வினுக்குக் கடைசிவரை கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. 1961இல் விண்வெளியில் ஒரு நாளுக்கும் மேலாகச் சுற்றிவந்த கெர்மன் தீத்தோவுக்கு அங்கேயே குமட்டியது. பயிற்சி பெற்ற விமானியான அவருக்கே அந்தக் கதி. ஆகவே காரில் வாந்தி எடுத்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, கிண்டலுக்கும் அதில் இடமில்லை.

அசைவுக்கும் உடம்பு ஏன் வாந்தியை விடையாகத் தேர்ந்தெடுத்தது என்பது தனிக் கேள்வி. 1977இல் ட்ரீஸ்மன் என்ற உளவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். இயற்கையில் புலன்கள் இப்படி முரண்படுவது பெரும்பாலும் நஞ்சு உள்ளே போய் நரம்புகளைப் பாதித்தால்தான். அதனால் மூளை 'ஏதோ விஷத்தைச் சாப்பிட்டுவிட்டோம்' என்று முடிவுகட்டி வயிற்றைக் காலி செய்கிறது என்றார். கேட்க அழகாக இருக்கிறது, நிரூபிப்பதுதான் கடினம். இதை ஒரு ஊகமாகவே வைத்துக்கொள்ளலாம்.

எந்த அசைவு மோசம்?

எல்லாக் குலுக்கலும் ஒன்றல்ல. நடக்கும்போதும் ஓடும்போதும் தலை நொடிக்கு ஒன்றிரண்டு முறை மேலும் கீழும் ஆடுகிறது. அதனால் யாருக்கும் குமட்டுவதில்லை. கப்பலிலும் ஆய்வுக்கூடங்களிலும் அளந்து பார்த்ததில், மிக மோசமானது ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை வந்துபோகும் மெதுவான ஆட்டம் என்று தெரிந்தது. கல்லும் மேடுமான சாலையில் தடதடவென்று போவது இடுப்பை வலிக்கச் செய்யும், ஆனால் குமட்டலுக்கு அது அவ்வளவு காரணம் இல்லை. இதமான சாலையில் இப்படியும் அப்படியுமாக நிதானமாக வளைத்து வளைத்துப் போவதுதான் ஆளைச் சாய்க்கும்.

யாருக்கு அதிகம் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வயதுக்குக் கீழே அரிது. பள்ளி வயதில் ஏறி, பத்து வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இன்னும் கூடலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு.

கொட்டாவி வந்தால் கவனியுங்கள்

பலரும் குமட்டல்தான் முதல் அறிகுறி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு நிறைய நேரம் முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிடும். காரணமில்லாத கொட்டாவி. ஒருவித மந்தம், தூக்கக் கலக்கம். பேச்சில் நாட்டமின்மை. அப்புறம் முகம் வெளிறும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும், வாயில் எச்சில் ஊறும், ஒரு பெருமூச்சு வரும். குமட்டல் அதற்குப் பிறகுதான்.

இதில் தூக்கக் கலக்கம் தனியாகவே வரக்கூடும். குமட்டலே இல்லாமல், காரில் ஏறினாலே அசதி, இறங்கிய பிறகும் சில மணி நேரம் மந்தம் என்று சிலருக்கு இருக்கும். அதுவும் பயணக் குமட்டலின் ஒரு வடிவம்தான் என்று 1976இல் ஆஷ்டன் கிரேபியலும் ஜேம்ஸ் நெப்டனும் எழுதினார்கள். 'பயணக் களைப்பு' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

இந்த வரிசையைத் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. கொட்டாவிக் கட்டத்தில் செல்போனைக் கீழே வைத்து, ஜன்னலைத் திறந்து, தூரத்தைப் பார்த்தால் பல சமயம் அதோடு நின்றுவிடும். எச்சில் ஊறும் கட்டத்துக்குப் போய்விட்டால் காரை நிறுத்துவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவதுதான் பெரும்பாலான சீட் கவர்களைப் பாழாக்குகிறது.

ஓட்டுகிறவர் மாதிரி உட்காருவது

முதலில் இடம். பெரியவர்கள் முன்சீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. பின்சீட்டுதான் கதி என்றால் நடுவில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற மாதிரி. அங்கே சரியான சீட் பெல்ட் இருந்தால் மட்டும். மூன்றாவது வரிசை சீட் உள்ள பெரிய வண்டிகளில் அந்தக் கடைசி வரிசை, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகவே ஆகாது. பார்வைக்கு முன்னால் தலைகள், பக்கத்தில் சின்ன ஜன்னல், அதோடு பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்போம்.

பிறகு கண். பார்க்க வேண்டியது முன்னால், தூரத்தில், சாலை போய்ச் சேரும் இடத்தை. பக்கத்து ஜன்னல் வழியாக அருகில் விரைந்து ஓடும் மரங்களையும் கம்பங்களையும் பார்ப்பது 'வெளியே பார்ப்பது' ஆகாது. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். வெளியே பார்க்க வழியில்லை, இருட்டிவிட்டது, அல்லது முன்னால் ஒரு லாரி மறைத்துக்கொண்டு போகிறது என்றால் கண்ணை மூடிக்கொள்வது அடுத்த நல்ல வழி. கண்ணை மூடினால் குறைந்தபட்சம் ஒரு பொய்ச் செய்தியாவது நிற்கும். தூங்கிவிட்டால் இன்னும் நல்லது.

வாசிப்பு, செல்போன், லேப்டாப் மூன்றும் வேண்டாம். குரல் கேட்கும் கதைகளும் பாட்டும் தாராளமாக இருக்கலாம். பிடித்த இசை குமட்டலைத் தள்ளிப்போடுகிறது என்று ஆய்வுகளே இருக்கின்றன. வழி பார்த்துச் சொல்லும் வேலையைக் குமட்டல் உள்ளவரிடம் கொடுக்காதீர்கள். முன்சீட்டில் உட்கார்ந்த பலன் முழுக்க அந்த வரைபடத்தைக் குனிந்து பார்ப்பதில் போய்விடும்.

தலையை யாரும் கண்டுகொள்வதில்லை. கார் திரும்பிக்கொண்டிருக்கும்போது தலையையும் வேறு திசையில் திருப்பினால் அரைவட்டக் குழாய்கள் இரண்டு சுழற்சிகளை ஒரே நேரத்தில் பதிவு செய்யும். அந்தக் கலவை மிகக் கடுமையானது. வளைவின் நடுவே பின்சீட்டில் கிடக்கும் தண்ணீர்ப் பாட்டிலை எட்டி எடுப்பது, கீழே விழுந்ததைக் குனிந்து தேடுவது போன்ற காரியங்களுக்கு நேரான சாலை வரும்வரை பொறுக்கலாம். தலையை ஹெட்ரெஸ்டில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். வளைவு வருவது தெரிந்தால், ஓட்டுகிறவர் செய்வதுபோல் தலையை வளைவின் உட்பக்கமாக லேசாகச் சாய்த்துப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த வித்தை சோதனைகளிலும் பலன் தந்திருக்கிறது.

காற்றும் வாடையும் குமட்டலின் மூலகாரணம் இல்லை. ஆனால் குமட்டத் தொடங்கியவருக்கு வாசனைத் திரவியமும் புகையும் சூடான சாப்பாட்டு வாடையும் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். முகத்தில் படும்படி குளிர்ந்த காற்று வரட்டும். புதுக் காரின் வாடையை மறைக்கத் தொங்கவிடும் வாசனை அட்டையைக் கழற்றி விடலாம். மெதுவாக, எண்ணி மூச்சு விடுவதும் உதவுகிறது. குறைந்தபட்சம் கவனத்தை வயிற்றிலிருந்து வேறு பக்கம் திருப்பும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டாம், பட்டினியாகவும் கிளம்ப வேண்டாம். எண்ணெய் குறைந்த லேசான உணவு, அவ்வப்போது ஒரு மிடறு தண்ணீர். பயணத்துக்கு முந்தைய இரவு மது கூடாது.

பாதி மருந்து ஓட்டுகிறவர் காலில்

ஒத்துக்கொள்ளாதவர் என்ன செய்ய வேண்டும் என்றுதான் எல்லா அறிவுரைகளும் சொல்கின்றன. வண்டியில் இருக்கும் அசைவில் பெரும்பகுதியை உண்டாக்குபவரோ, தாளம் போட்டுக்கொண்டிருக்கும் அந்த ஓட்டுநர்! தனக்குக் குமட்டாது என்பதால் தன் ஓட்டம் மற்றவர்களுக்கு எப்படியிருக்கிறது என்று அவருக்குத் தெரிவதே இல்லை.

முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டாலே பிரேக் பாதி குறைந்துவிடும். வளைவுக்குள் போனபிறகு பிரேக் போடாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்பி, வெளியே வந்தபிறகு மெதுவாக வேகம் கூட்டினால் பயணிகளின் தலை ஆடுவதே தெரியாது. தடம் மாறி மாறி முந்திப்போய் மிச்சப்படுத்துவது சில நிமிடங்கள். வாந்திக்காக ஓரம் கட்டி நிறுத்தினால் அதைவிட அதிக நேரம் போகும். "இப்போ ஒரு பெரிய வளைவு வருது", "பிரேக் போடப்போறேன்" என்று வாய்விட்டுச் சொல்வதும் வீண்பேச்சு இல்லை. பயணியின் மூளைக்கு இல்லாமல் போன கணிப்பைக் கொஞ்சமாவது அது கொடுக்கிறது.

மின்சாரக் கார்களில் இந்தக் கவனம் இன்னும் தேவை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் காரை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பும். பெட்ரோல் காரில் பழகிய கால் அதில் விட்டு விட்டு மிதிக்கும்போது பின்சீட்டுக்கு ஓயாத ஆட்டம். என்ஜின் சத்தம் ஏறி இறங்குவதை வைத்து வேகம் மாறப்போவதை உணரும் வழியும் அதில் இல்லை. பெரும்பாலான மின்சாரக் கார்களில் இந்த இழுப்பைக் குறைத்து வைக்கும் அமைப்பு உண்டு. ஒத்துக்கொள்ளாதவர் வண்டியில் இருந்தால் குறைத்து வைத்துவிடுங்கள்.

குழந்தைகள்

குழந்தைக்குத் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது. "வயிறு வலிக்குது" என்று சொல்லலாம், சும்மா சிணுங்கலாம், அல்லது கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியாகிவிடலாம். அந்த அமைதியைத்தான் கவனிக்க வேண்டும். பெற்றோர் 'அப்பாடா' என்று நிம்மதியாகும் அதே நேரத்தில் உள்ளே எச்சில் ஊறத் தொடங்கியிருக்கும்.

முன்சீட்டு நல்லது என்று பெரியவர்களுக்குச் சொன்னதைக் குழந்தைகளுக்குப் பொருத்தக்கூடாது. விபத்திலும் காற்றுப்பை விரிவதிலும் உள்ள ஆபத்து வாந்தியைவிடப் பலமடங்கு பெரிது. குழந்தைகள் பின்சீட்டில், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற இருக்கையில்தான் இருக்க வேண்டும். பின்பக்கம் பார்த்து உட்காரவேண்டிய வயதில் உள்ள கைக்குழந்தையைக் குமட்டலுக்காக முன்பக்கம் திருப்பவும் கூடாது. ஆனால் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு, உயரம் கூட்டும் இருக்கை பாதுகாப்போடு இன்னொரு உதவியும் செய்கிறது. இல்லாவிட்டால் முன்சீட்டின் முதுகையும் கதவையும் மட்டும் பார்த்துக்கொண்டு வரும் குழந்தைக்கு, அதனால் ஜன்னலும் சாலையும் தெரிகிறது.

டேப்லெட்டை மடியில் கொடுத்து அமைதியாக்குவது சுலபம்தான். குனிந்த தலை, அசையாத திரை, தெரியாத சாலை எல்லாம் ஒன்றாகச் சேர்வதால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. மஞ்சள் கார்களை எண்ணுவது, அடுத்த பாலம் எப்போது வரும் என்று சொல்வது போன்ற விளையாட்டுகள் பழைய பாணிதான். ஆனால் அவை கண்ணைத் தூரத்தில் வைக்கின்றன. நீண்ட பயணம் என்றால் குழந்தை தூங்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்பலாம்.

இன்னொன்று. "வாந்தி வருதா? வருதா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். வரப்போகிறது என்று காத்திருப்பதே குமட்டலைக் கூட்டும். பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை காட்டிவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள்.

மாத்திரைகள்

1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்கு டைமென்ஹைட்ரினேட் என்ற புதிய ஒவ்வாமை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு வாழ்நாள் முழுக்க டிராமில் போனால் குமட்டும். இந்த மருந்தைச் சாப்பிட்ட நாட்களில் மட்டும் அது வரவில்லை என்று அவரே கவனித்துச் சொன்னார். லெஸ்லி கே, பால் கார்லைனர் என்ற மருத்துவர்கள் அடுத்த ஆண்டு ஒரு ராணுவக் கப்பலில் வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள், பலித்தது. பயண வாந்திக்கு இன்றும் விற்கப்படும் மாத்திரைகளில் அது ஒன்று.

மெக்லிசின், சின்னாரிசின், புரோமெத்தசின் ஆகியவையும் அதே வகை. எது கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எல்லாமே பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள், மூளைக்குள் நுழைந்து வேலை செய்பவை. அதனால்தான் தூக்கம் வருகிறது. 'தூக்கம் வராத' செட்ரிசின், லோராடடின் போன்ற புதியவை இதற்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை. வாந்திக்கு மருத்துவர்கள் அடிக்கடி எழுதும் ஒண்டான்செட்ரானும் பயணக் குமட்டலைத் தடுப்பதில் கெட்டிக்காரன் இல்லை. எந்த வாந்தி மாத்திரையும் எல்லா வாந்திக்கும் ஆகும் என்று எண்ணக்கூடாது.

இன்னொரு வகை ஸ்கோபொலமின். காதுக்குப் பின்னால் ஒட்டும் சிறு பட்டையாகக் கிடைக்கிறது. பயணத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பு ஒட்டினால் 3 நாள் வரை வேலை செய்யும். வாய் உலரும், பார்வை மங்கலாம். பட்டையைத் தொட்ட கையோடு கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்துவிடும். கையைக் கழுவ வேண்டும். கண்ணில் குறுங்கோண க்ளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் ஒரு நோய்) உள்ளவர்களுக்கு இது ஆகாது. புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாத்திரையில் எல்லோரும் தவறவிடுவது நேரத்தைத்தான். குமட்டத் தொடங்கியபிறகு விழுங்கினால் பலன் குறைவு, ஏனென்றால் அந்நேரம் இரைப்பை தன் வேலையை மந்தமாக்கிவிடுகிறது. மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் அங்கேயே கிடக்கும், அல்லது வெளியே வந்துவிடும். அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து, மருந்தைப் பொறுத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டவர் வண்டி ஓட்டக்கூடாது, மது தொடக்கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

இஞ்சி? சிலருக்கு உதவுகிறது, ஆய்வு முடிவுகள் கலவையாக இருக்கின்றன, கெடுதல் அதிகமில்லை. மணிக்கட்டில் அழுத்தும் பட்டைகளும் அதே நிலைமைதான். பலிக்கிறது என்று நம்பிப் போட்டுக்கொள்பவரிடம் வாதாட மாட்டேன், நம்பிக்கையாலும் குமட்டல் குறையும். ஆனால் காரின் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் என்று சொல்லி வண்டிக்கு அடியில் தொங்கவிடும் ரப்பர் பட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். உட்காதுக்கும் மின்னேற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பழக்கம் என்ற மருந்து

எந்த மாத்திரையையும்விட வலுவானது பழக்கம்தான். கப்பலில் ஏறியவர்களில் பெரும்பாலோர் மூன்று நாட்களில் தேறிவிடுவது இதனால்தான். மூளை புதிய அசைவுக்கேற்பத் தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. குமட்டலால் பறக்க முடியாமல் போன விமானிகளுக்குப் பிரிட்டன் விமானப்படை படிப்படியாக அசைவைக் கூட்டிப் பழக்கும் பயிற்சி கொடுத்துத் திரும்ப வேலைக்கு அனுப்புகிறது.

காரிலும் இதைச் செய்யலாம். குறுகிய தூரம், அடிக்கடி. லேசாக உணரத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். வாந்தி எடுக்கும்வரை தாக்குப்பிடிப்பது பயிற்சி ஆகாது, அடுத்த முறை கார்க் கதவைப் பார்த்தாலே குமட்டும்படி செய்துவிடும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இது கைகொடுக்காதது வருத்தம்தான். இடைவெளி விட்டால் பழக்கம் கரைந்துவிடும்.

தொழில்நுட்பமும் முயன்றுகொண்டிருக்கிறது. 2018இல் சிட்ரோயன் நிறுவனம் வட்டங்களுக்குள் நீலத் திரவம் ஓடும் ஒரு மூக்குக்கண்ணாடியை விற்றது. திரவம் எப்போதும் கிடைமட்டமாக நின்று கண்ணுக்குத் தொடுவானத்தைக் காட்டும். 2024இல் ஆப்பிள் தன் போன்களில் திரை ஓரப் புள்ளிகள் கார் அசைவதற்கேற்ப நகரும் வசதியைக் கொண்டுவந்தது. இரண்டுமே கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தியைக் கொடுக்கப் பார்க்கின்றன. தானே ஓடும் கார்கள் பெருகினால் இந்தத் தேவை இன்னும் கூடும். அப்போது ஓட்டுநர் என்ற தப்பித்த ஆளே இருக்கமாட்டார், எல்லோரும் பின்சீட்டுக்காரர்கள்தான்.

வந்தே விட்டால்

பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, இறங்கி, கொஞ்சம் நடக்க விடுங்கள். நிற்கும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைவிட இறங்கி நிற்பது சீக்கிரம் தேற்றும். வாந்தி எடுத்தபின் வாயைக் கொப்பளித்து, தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் சிறு சிறு மிடறாகக் குடிக்கவேண்டும். வாந்தி எடுத்ததும் கிடைக்கும் நிம்மதியை நம்பி உடனே கிளம்பினால் பத்தே நிமிடத்தில் திரும்ப வரக்கூடும். முகத்தில் நிறம் திரும்பும்வரை பொறுங்கள். மந்தம் தெளியாதவரை அவரை ஓட்டவிட வேண்டாம்.

சாதாரணமாக, வண்டியிலிருந்து இறங்கினால் சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஒரு நாள் கழித்தும் தலைசுற்றலும் குமட்டலும் போகவில்லை, காரில் ஏறாதபோதும் அறை சுழல்கிறது, காதில் இரைச்சல் அல்லது கேட்பதில் குறை, கடும் தலைவலி, பேச்சு குளறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அது பயணக் குமட்டல் இல்லை, மருத்துவரிடம் போகவேண்டும். பேச்சு குளறினாலோ நடை தள்ளாடினாலோ நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லாமல் பயணம் செய்தவருக்கு நடுவயதில் திடீரென்று காரில் குமட்டத் தொடங்கினாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.